வாயில்லா ஜீவனுக்கு வைத்தியம்: எதுவரை?

இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பிய சற்று நேரத்தில் சென்னையிலிருந்து போன் வந்தது. பேசியவர் என் பெரியவாப்பாவின் மகள். எனக்கு லாத்தா முறை. எழுபது வயதைத் தாண்டியவர். மகன் வீட்டிலிருந்து பேசினார். குரல் கம்மியிருந்தது.

"தம்பி, சீனிக்கு கிட்னி போய்விட்டதாம். அஞ்சு நாளாக ஆஸ்பத்திரியில் கூண்டுக்குள் வைத்து குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். மூக்கில் குழாய் விட்டு ஆகாரம் கொடுக்கிறார்கள். இனி மனுசருக்குச் செய்வது போல டயாலிஸிஸ் செய்து பார்ப்போம் என்கிறான் மகன். மருமகள் வீட்டார் சிரிக்கிறார்கள். நான் செய்வது பாவமா? செய்யாமல் விட்டால் அது பாவமா? மார்க்கம் என்ன சொல்கிறது?"

சீனி ஒரு பூனை. வயது பதினைந்து. மௌத்தாகிப்போன மச்சான், ஒரு மழை இரவில் பள்ளிவாசல் படியிலிருந்து கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்த குட்டி. மச்சான் மறைந்து லாத்தா இத்தா இருந்த நான்கு மாதம் பத்து நாளும் அவருடைய முஸல்லாவின் ஓரத்திலேயே படுத்துக் கிடந்த ஜீவன்.

"கிதாபுகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் லாத்தா" என்று போனை வைத்துவிட்டேன். அது நான் செய்த பிழை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி இன்று பல முஸ்லிம் வீடுகளில் எழக்கூடியது. ஆகவே பார்த்ததையும் சிந்தித்ததையும் வாசகர்கள் முன் வைக்கிறேன்.

ஒரு பூனைக்கா இத்தனை?

சிரித்தவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம்.

பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவு கொடாமல், அதுவாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த ஒரு பெண் அதன் காரணமாகவே நரகம் புகுந்தாள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். தாகத்தால் தவித்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் மொண்டு வந்து புகட்டியவருக்குப் பாவமன்னிப்புக் கிடைத்ததையும் அவர்களே அறிவித்தார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் தாம் ஒளுச் செய்ய வைத்திருந்த தண்ணீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்ததை ஹதீஸ் கிதாபுகளில் காண்கிறோம். பூனை நம் வீட்டுக்குள் வந்து போகும் ஜீவன், அசுத்தமானதல்ல என்பது அப்போது அவர்கள் எடுத்துச் சொன்ன நபிமொழியின் கருத்து.

ஹிஜ்ரி 660-ல் (கி.பி. 1262) கெய்ரோவில் மறைந்த ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் தமது 'கவாயிதுல் அஹ்காம்' நூலில் மனிதன் மீது பிராணிகளுக்கு உள்ள ஹக்குகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். பிராணி முதுமையடைந்தாலும், நோயுற்று இனி அதனால் ஒரு பயனும் இல்லை என்றாகிவிட்டாலும், அதற்குரிய செலவைச் செய்தாக வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பால் தரும் வரை பசு, எலி பிடிக்கும் வரை பூனை என்ற கணக்கை அவர்கள் ஒப்பவில்லை.

"அந்தப் பணத்தை ஏழைக்குக் கொடுக்கலாமே" என்பார்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் கலியாண வீட்டில் அண்டா அண்டாவாக நெய்ச்சோறு குப்பைக்குப் போகும்போது வராத ஏழையின் நினைவு, பூனையின் மருந்துச் சீட்டைக் கண்டதும் வருகிறதென்றால், அந்த நினைவைச் சற்றுச் சந்தேகிக்கத்தான் வேண்டும். அதேசமயம், கொடுக்க வேண்டிய கடனையும் ஜகாத்தையும் பிள்ளைகளின் படிப்புச் செலவையும் தள்ளிப் போட்டுவிட்டுப் பிராணிக்குச் செலவழிப்பது முறையாகாது. லாத்தாவின் மகனுக்கு அப்படிப்பட்ட நெருக்கடி இல்லை. ஆகவே இங்கே சிக்கல் பணத்தில் இல்லை. அதைவிடக் கடினமான இடத்தில் இருக்கிறது.

மூன்று வகை வைத்தியம்

மறுநாள் அந்தப் பெண் டாக்டரிடம் நானே போனில் விவரம் கேட்டேன். பொறுமையாக விளக்கினார்.

வயதான பூனைகளுக்கு அதிகமாக வரும் நோய்களில் சிறுநீரக நோய் ஒன்று. சிறுநீரகத்தின் பெரும்பகுதி கெட்ட பிறகுதான் நோய் வெளியே தெரியும். கெட்ட பகுதி மறுபடி வளர்வதில்லை. டயாலிஸிஸ் என்பது கழுத்து நரம்பில் குழாய் பொருத்தி, இரத்தத்தை இயந்திரத்துக்குள் செலுத்திச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புவது. ஒவ்வொரு தடவையும் மணிக்கணக்கில் ஆகும். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். 1903-ல் தொடங்கப்பட்டு வேப்பேரியில் நடந்துவரும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் நாய்களுக்கு இச்சிகிச்சை செய்யப்பட்டு வருகிறது. பிராணி நஞ்சைத் தின்று சிறுநீரகம் திடீரென்று நின்றுபோனால் இது பேருதவி. சிறுநீரகம் தேறி எழும்வரை உயிரைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் முதுமையில் மெல்ல மெல்லக் கெட்டுப்போன சிறுநீரகம் தேறி எழப்போவதில்லை.

இதிலிருந்து வைத்தியம் மூன்று வகை என்று எனக்குத் தோன்றியது. நோயை நீக்கும் வைத்தியம் ஒன்று. வேதனையைக் குறைக்கும் வைத்தியம் ஒன்று. நோயும் நீங்காமல், வேதனையும் குறையாமல், நாளை மட்டும் நீட்டும் வைத்தியம் ஒன்று.

முதலாவதை, சக்தி இருந்தால் செய்வதே பொறுப்பு. கால் முறிந்த ஆட்டையும் புண்பட்ட நாயையும் "விதி" என்று விட்டுவிடுவது தவக்குல் ஆகாது. இரண்டாவது எந்த நிலையிலும் நம் கடமை. (ஒரு எச்சரிக்கை: இரக்கப்பட்டு மனிதர்களின் காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள். பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு.) கேள்வியெல்லாம் மூன்றாவதைப் பற்றியதே.

பொறுமை யாருக்குரியது?

மனிதன் நோயுறும்போது அவனுக்கு அது ஒரு சோதனை. முள் குத்தினாலும் அதன் பொருட்டுப் பாவம் மன்னிக்கப்படும் என்ற நற்செய்தி நமக்கு உண்டு. டயாலிஸிஸ் படுக்கையில் கிடக்கும் முஃமின், இந்த வலி எதற்காக என்று அறிவான். "பேத்தியின் நிக்காஹைப் பார்க்க வேண்டும்" என்று ஆசைப்படுவான். திக்ரு செய்வான், தவ்பாச் செய்வான். "போதும், என்னை வீட்டுக்குக் கொண்டு போங்கள்" என்று சொல்லவும் அவனுக்கு நாவு உண்டு.

பூனைக்கு இவற்றில் எதுவும் இல்லை. மார்க்கக் கடமைகள் அதன் மீது சுமத்தப்படவில்லை. அது பாவமும் செய்யவில்லை. அழிக்கப்படுவதற்கு ஏடும் இல்லை. ஊசி ஏன் குத்துகிறது, கூண்டு ஏன் பூட்டியிருக்கிறது, பக்கத்துக் கூண்டில் ஏன் நாய் குரைக்கிறது என்று அதற்குத் தெரியாது. நாளை நலமாகும் என்ற நம்பிக்கையால் இன்றைய வலியைத் தாங்க அதனால் இயலாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இந்த வலி, இந்தப் பயம்.

ஆகவே மனிதனுக்குச் சொல்லும் 'ஸப்ரு' என்ற வார்த்தையை அதன் மீது ஏற்றி, "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்று கட்டாயப்படுத்த நமக்கு என்ன உரிமை? அறுக்கும் பிராணியைக்கூடக் கத்தியைக் கூர்மையாக்கி, வேதனை குறையும்படி அறுக்கச் சொன்ன மார்க்கம் இது. அறுப்பில் காட்டும் கருணை வைத்தியத்தில் வேண்டாமா?

இங்கே நம் நெஞ்சை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்: நோய் பூனைக்கு; வைத்தியம் யாருக்கு? லாத்தாவின் மகன் நல்ல பிள்ளை. உம்மா அழக்கூடாது என்பதற்காகச் செலவழிக்கிறான். லாத்தாவோ அந்தப் பூனையோடு மச்சானின் கடைசி நினைவும் போய்விடுமே என்று பயப்படுகிறார். இரண்டும் அன்புதான். ஆனால் இரண்டுக்கும் வலியைத் தாங்க வேண்டியிருப்பது மூன்றாவதாக ஒரு ஜீவன்.

மற்றொரு பூனையின் சிறுநீரகம்

இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் நகரக் கால்நடை மருத்துவமனையில் 1987-ல் பூனைகளுக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தொடங்கினார்கள். வேறோர் ஆரோக்கியமான பூனையின் வயிற்றைக் கிழித்து ஒரு சிறுநீரகத்தை எடுத்து, நோயுற்ற பூனைக்கு வைப்பார்கள். அதன்பின் ஆயுள் முழுவதும் மருந்து. செலவு பல்லாயிரம் டாலர். கொடுத்த பூனையையும் அந்த வீட்டாரே வளர்க்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு.

"அநாதைப் பூனைக்கு ஒரு வீடு கிடைக்கிறதே, ஒரு சிறுநீரகத்தோடும் அது வாழுமே" என்று அதை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். அதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பூனை எதையும் 'கொடுக்க'வில்லை, அதனிடமிருந்து எடுக்கப்பட்டது. ஒரு தீங்கை அதுபோன்ற மற்றொரு தீங்கினால் நீக்கக்கூடாது என்பது நம் ஃபிக்ஹுச் சட்டங்களின் அடிப்படைகளில் ஒன்று. என் பூனையின் மீதுள்ள அன்பு, பெயர் தெரியாத ஒரு பூனையின் மீது கத்தியாக இறங்குமானால், அந்த அன்பில் ஏதோ குறை இருக்கிறது.

ஊசி போட்டுவிடலாமா?

"கஷ்டப்படாமல் போக ஓர் ஊசி போடலாம்" என்றும் அந்த டாக்டர் சொல்லியிருந்தார். இதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. உண்ண ஹலாலாகாத பிராணியை, அதன் வேதனையைத் தீர்ப்பதற்காகக்கூட அறுக்கலாகாது என்பது ஷாஃபிஈ கிதாபுகளின் கூற்று. ஹனஃபி நூல்களிலோ, நோயுற்றுப் பயனற்றுப்போன கழுதை போன்றவற்றுக்கு இதில் இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவரவர் தம் ஊர் ஆலிமைக் கேட்டு நடந்துகொள்வதே நலம்.

ஆனால் பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பலன் தராத வைத்தியத்தை நிறுத்துவது கொலையாகாது. மனிதனுக்கே வைத்தியம் செய்துகொள்வது பொதுவாக ஃபர்ளு இல்லை, விரும்பத்தக்கது என்பதுதான் இமாம்களில் பெரும்பாலோர் கருத்து. அப்படியிருக்க, தேறாது என்று தெரிந்த பூனையைக் குழாய்களிலிருந்து விடுவிப்பது எப்படிப் பாவமாகும்?

ஷைகு அஹ்மது கபீர் ரிஃபாயி (ரஹ்) அவர்களின் சரித்திரத்தில் ஒரு செய்தி சொல்லப்படுகிறது. சொறி பிடித்து ஊராரால் துரத்தப்பட்ட நாய் ஒன்றை அவர்கள் ஊருக்கு வெளியே கொண்டுபோய், நிழலுக்குப் பந்தல் அமைத்து, எண்ணெய் தடவி, உணவும் நீரும் கொடுத்து நாற்பது நாள் பராமரித்தார்களாம். நிழல், எண்ணெய், தண்ணீர், கூடவே ஒரு மனிதர். அந்த ஜீவனுக்குத் தேவையாயிருந்ததும் அதுதான்.

ஒன்பது நாள்

நான் இவற்றையெல்லாம் சொன்னபோது லாத்தா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் ஊருக்கே கொண்டு வந்துவிடுகிறேன்" என்றார்.

குழாயை எடுத்துவிட்டார்கள். தோலைத் தூக்கி அதனடியில் ஊசிவழி உப்புநீர் ஏற்றுவதை மகன் கற்றுக்கொண்டான். குமட்டலுக்கு மருந்து கொடுத்தார்கள். பழகிய முற்றத்தில், கிணற்றடி வெயிலில், மச்சானின் பழைய சாரத்தின் மேல் சீனி படுத்துக் கிடந்தது. விரும்பிய அன்று மீன் தண்ணீரை நக்கியது. விரும்பாத அன்று யாரும் திணிக்கவில்லை. ஒன்பதாம் நாள் சுபுஹுக்கு முன் அடங்கிவிட்டது. மாதுளை மரத்தடியில் புதைத்தார்கள்.

"டயாலிஸிஸ் செய்திருந்தால் நோன்பு வரையாவது இருந்திருக்குமோ தம்பி?" என்று லாத்தா பிறகும் கேட்டதுண்டு. இருந்திருக்கலாம். சில நாள் கூடியிருக்கலாம். அந்தச் சந்தேகத்தை முற்றிலும் துடைக்கும் பதில் என்னிடம் இல்லை. அந்த நாட்கள் யாருக்காகக் கூடியிருக்கும் என்பதை மட்டுமே திருப்பிக் கேட்க முடிந்தது.

இனி என் பிழை. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் என்ற சிறு பிள்ளை, தான் வளர்த்த குருவி செத்துப்போனதால் வாடியிருந்தது. அவ்வீட்டுக்கு வந்த நாயகம் (ஸல்) அவர்கள் "குருவிதானே" என்று ஒதுக்கவில்லை. குழந்தையை அன்போடு பெயர் சொல்லி அழைத்து, அந்தக் குருவி என்னவாயிற்று என்று விசாரித்தார்கள். நானோ, லாத்தா அழுதுகொண்டு பேசிய அன்று "சீனி எப்படி இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே கிதாபைத் தேடிப் போய்விட்டேன். சட்டம் சொல்ல எனக்கு அவகாசம் இருந்தது; ஸுன்னத்தைச் செய்ய இல்லாமற் போயிற்று.

அன்பர்களே! உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு வாயில்லா ஜீவன் நோயில் விழுந்தால் அதற்காகச் செலவழிக்க வெட்கப்படாதீர்கள். டாக்டரிடம், "இது நோயைத் தீர்க்குமா, வேதனையைக் குறைக்குமா, நாளை மட்டும் நீட்டுமா?" என்று நேராகக் கேளுங்கள். நாளை மட்டுமே நீட்டும் என்றால், அதை வீட்டுக்குக் கொண்டு வந்து நிழலும் நீரும் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள். அதற்காக அழுபவரைக் கண்டால் சிரிக்காதீர்கள். பெயரைச் சொல்லி விசாரியுங்கள்.

படைப்புகள் அனைத்தின் மீதும் கருணை காட்டவும், அந்தக் கருணையை நம் ஆசையிலிருந்து பிரித்தறியவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.