மாமியாரின் அனுமதி

உளவியல் ஆலோசனைப் பயிற்சியை நம் மண்ணுக்கேற்ப மாற்றவேண்டும் என்று சொன்னால் இன்று மறுப்பவர்கள் குறைவு. ஆலோசகராக இருந்துகொண்டு புதிதாக வரும் பெண்களுக்குப் பயிற்சியும் தரும் நானும் மறுக்கவில்லை. ‘மனச்சோர்வு’ என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வருபவர்கள் அபூர்வம். தலைவலி, படபடப்பு, ‘மனசே சரியில்ல’ என்றுதான் வருகிறார்கள். ‘உங்களுக்கான எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்’ என்று பாடநூல் சொல்கிறது. தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஓர் அறைகூட இல்லாதவளிடம் அதை எப்படிச் சொல்வது? மாற்றத்தான் வேண்டும். ஆனால் நம் மண் என்கிறோமே, அது யாருடைய மண்?

பாகிஸ்தானில் ராவல்பிண்டியை ஒட்டிய கிராமங்களில் உளமருத்துவர் ஆதிஃப் ரஹ்மானும் அவர் குழுவினரும் செய்த வேலையை வகுப்பில் தவறாமல் பேசுவேன். கர்ப்பகாலத்தில் மனச்சோர்வு கண்ட 903 பெண்கள். அவர்கள் வீட்டுக்குப் போனவர்கள் மருத்துவர்கள் அல்ல, அந்தந்த ஊரின் சுகாதாரப் பணியாளர்களான பெண்கள். பயிற்சி 2 நாள், பிறகு ஒரு நாள் மறுபயிற்சி, மாதாமாதம் கூடிப் பேசுதல். அவ்வளவுதான். 2008இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. குழந்தை பிறந்த 6ஆம் மாதத்தில், பயிற்சி பெற்றவர்கள் சந்தித்த பெண்களில் 23 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு இருந்தது. பயிற்சி இல்லாதவர்கள் அதே அளவு போய்வந்த வீடுகளில் அது 53 சதவீதம்.

வீட்டுக்குள் எப்படிப் போனார்கள் என்பதுதான் விஷயம். மருமகளுக்கு மனநோய் என்றிருந்தால் கதவு திறந்திருக்காது. குழந்தை நன்றாக வளரவேண்டும் என்பதை முன்வைத்தார்கள். மாமியாரும் கணவனும் ஒத்துழைக்க அதுவே வழியானது.

இது சாமர்த்தியமா, சமரசமா? வகுப்பு ஒவ்வொரு முறையும் இரண்டாகப் பிரியும். எனக்கு இதில் பொய் தெரியவில்லை. அந்தக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசியும் கூடுதலாகப் போடப்பட்டது. ஆனால் அவள் துயரம் அவளுடையது என்பதாலேயே கவனிக்கப்படவில்லை, தாய் என்பதால் கவனிக்கப்பட்டது. இது என்னை உறுத்துகிறது.

கதவைத் திறக்கச் சொல்லும் காரணத்தை மாற்றலாம். உள்ளே போய் மாமியாரின் குரலில் பேசக்கூடாது. 1973இல் ஜே.எஸ். நேகி குரு-சீடர் உறவை இந்திய உளசிகிச்சைக்கு ஒரு மாதிரியாக முன்வைத்தார். மேற்கை அப்படியே நகலெடுக்க மறுத்ததில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பணிந்து பணிந்தே நோயுற்று வருகிறவளை இன்னொரு காலடியில் உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்காக ‘நீங்களே சொல்லுங்க மேடம்’ என்று அடிபட்டு வந்து கேட்பவளிடம், ஆலோசகர் வழிசொல்லக்கூடாது என்ற விதியைக் காட்டி மௌனமாக இருப்பதும் நியாயமில்லை. 181 என்ற உதவி எண், 2005ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு அலுவலர் எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்கிறேன். முடிவு அவளுடையது. ‘கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா’ என்பது மட்டும் எங்கள் பயிற்சியில் கிடையாது. அதைச் சொல்லத்தான் ஊரே இருக்கிறதே.

சென்ற முறை ஒரு மாணவி கேட்டாள்: “குழந்தை இல்லாதவ வீட்டுக்கு என்ன சொல்லிட்டு மேடம் போறது?” வகுப்பு வெகுநேரம் பேசியது. இப்போதைக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கையில் எடுத்துப்போகிறோம். மாமியாருக்கும் சேர்த்துப் பார்க்கிறோம்.