யாரு வெரட்டுனா ஒன்னய?

"யாரு வெரட்டுனா ஒன்னய?" என்று கேட்டாள் அத்தை. மூணாறுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், லயத்து வாசலில் உட்கார்ந்து முழங்கால் சிராய்ப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து வந்தவள் என் கழுத்தில் கிடந்த மெடலையும் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரும் விரட்டலை, காசு கட்டி நானாத்தான் ஓடினேன் என்றேன். சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விரும்பிப் படுகிற வலிக்கு வீரம் என்று பேர் வைத்து மெடல் போடுகிறோம். அதே மலையில் அதே வலியை வயிற்றுக்காகப் படுகிறவர்களுக்கு என்ன பேர்? கூலிக்காரர்கள் என்கிறோம், அதோடு சரி.

போட்டி 21 கிலோமீட்டர். தார் ரோடு கிடையாது. தேயிலைக்கு நடுவே ஒத்தையடிப் பாதை, சோலைக்காட்டு ஓரம், வழுக்குப் பாறை. இயற்கைப் பாதை என்று நோட்டீசில் போட்டிருந்தார்கள். இயற்கை எங்கே பாதை போட்டது? கொழுந்து பறிக்கிற சனங்க நூறு வருசத்துக்கு மேலாக மிதித்து மிதித்து உண்டானது அது. போடியிலிருந்து கொட்டகுடி வழியாக டாப் ஸ்டேஷனுக்குக் கங்காணி பின்னால் ஏறிப்போன கூட்டத்தில் நம்ம சனம்தான் அதிகம். தேயிலைப் பெட்டி ரோப்வேயில் சொகுசாக இறங்கியது. பெட்டியை நிரப்பியவர்கள் நடந்து ஏறினார்கள். மலைமேல் ஓடிய சின்ன ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போன கதையைச் சுற்றுலா வருகிறவர்களுக்குச் சொல்கிறார்கள். நடந்தவர்கள் அந்தக் கதையில் இல்லை.

பொய் சொல்லக் கூடாது. முதல் பத்து கிலோமீட்டர் எனக்கு அப்படி ஒரு சந்தோசம். எங்க தாத்தா ஓடியது ஊர்க்காரர் வீட்டுச் சாவுச் சேதியை எடுத்துக்கொண்டு. என் கால் யார் ஏவலும் இல்லாமல் ஓடியது. இந்த உடம்பு என்னுடையது என்று முதல் தடவையாகத் தோன்றியது. இந்த ஓட்டமெல்லாம் மத்தியதர வர்க்கத்துக் கொழுப்பு என்று தோழர் ஒருவர் முன்னமே கிண்டல் பண்ணியிருந்தார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சேரிக்காரனுக்கு வேலையில் மட்டும்தான் வேர்க்கணும் என்பது பண்ணையார் சொன்னது. புரட்சிக்காரர் வாயிலிருந்து வந்தாலும் அது பண்ணையார் பேச்சுதான்.

பதினாலாவது கிலோமீட்டரில் செங்குத்தான ஏற்றம். அன்று வேலைநாள். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பெண்கள் தலையில் கொழுந்துச் சாக்கோடு எடை போடுகிற இடத்துக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். வெறும் கையோடு போன எனக்கு மூச்சு வாங்கியது. அவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். வளைவில் நின்ற தொண்டர் பையன் விசிலடித்து, "சைடு, சைடு! ரன்னர் வர்றாங்க!" என்று கத்தினான். பெண்கள் சாக்கோடு தேயிலைச் செடிக்குள் இறங்கி ஒதுங்கினார்கள். நான் நிற்கவில்லை. கிடைத்த வழியில் ஓடிப் போய்விட்டேன்.

1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் பொதுச் சாலையும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்ததைப் பத்து மேடையிலாவது பேசியிருப்பேன். அதே வருசம் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காகச் சனங்க ஜெயிலுக்குப் போனதையும் சேர்த்துத்தான். ஆளைப் பார்த்தால் ஒதுங்கணும் என்ற சட்டத்தின் கீழே கிடந்த சாதி நான். எனக்காக எங்க பொம்பளைகளே ஒதுங்கினார்கள். அதுவும் 2015 செப்டம்பரில் மூணாறு ரோட்டையே மறித்து உட்கார்ந்த பொம்பளைகளின் கூட்டம். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டவே சேர்க்காமல், பெம்பிளை ஒருமை என்ற பேரில் நின்று 20 சதவீதத்தை வாங்கியவர்கள். அப்போது நாள் கூலி 232 ரூபாய், அதற்கு 21 கிலோ கொழுந்து பறித்தாகணும். அவர்களுக்கு 21 கிலோ, எனக்கு 21 கிலோமீட்டர்.

காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்கு என்ன செய்தார்கள் என்று 1945இல் எழுதிய நூலில் அம்பேத்கர் ஓய்வைப் பற்றிப் பேசுகிறார். நாள் முழுக்க வயிற்றுப்பாட்டுக்கே போனால் மனுசன் மிருகமாய்த்தான் வாழணும். ஓய்வு வேணும், அதற்கு எந்திரம் வேணும் என்று காந்தியத்தோடு மோதுகிறார். அந்த ஓய்விலிருந்துதான் என் ஓட்டமும் வந்தது. படிப்பும் இயக்கமும் வாங்கிக் கொடுத்தது அது. அதனால் ஓடியதற்கு நான் வெட்கப்படவில்லை. நிற்காததற்கு வெட்கப்படுகிறேன். நான் சும்மா ஓடுவதற்கு இன்னொருத்தி சாக்கோடு செடிக்குள் இறங்கணும் என்றால், என் கையில் இருப்பது உரிமையா, இன்னொருத்தியிடமிருந்து பிடுங்கியதா? நின்று, "நீங்க போங்கக்கா" என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிசம் போயிருக்கும். அந்த ஒரு நிமிசத்தை என்னால் கொடுக்க முடியவில்லை என்பதுதான் என்னைக் குடைகிறது.

இதை அத்தையிடம் சொன்னேன். எந்த வளைவு, எத்தனை மணி என்று விசாரித்தாள். "அது நம்ம மேட்டு லயத்துப் புள்ளைகதான். நாளைக்கு மஸ்டர்ல பாப்பேன், சொல்லிர்றேன்" என்றாள்.

"என்னன்னு அத்தை?"

"ஓடுனது எம் மருமகன்தான்னு."

பெருமையாகத்தான் சொன்னாள்.