ஒரு பிடி மாவு

யூதர்களின் வேதநூலாகிய தோராவின் மூன்றாம் பகுதி லேவியராகமம். அதன் முதல் அத்தியாயம் காளை, ஆடு, புறா ஆகியவற்றைக் காணிக்கையாக்குவது பற்றிப் பேசுகிறது. இரண்டாம் அத்தியாயம் மாவுக் காணிக்கைக்கு வருகிறது. கோதுமை மாவு, எண்ணெய், சிறிது சாம்பிராணி, இவ்வளவே. எபிரேய மொழியில் இதன் பெயர் ‘மின்ஹா’.

இவ்விடத்தில் ஒரு சொல் மாறுகிறது. முதல் அத்தியாயத்தில் காணிக்கை கொண்டுவருபவரைக் குறிக்க ‘மனிதன்’ என்ற சொல் வந்தது. இங்கோ ‘நெஃபெஷ்’ என்று வருகிறது. ‘உயிர்’ என்பது அதன் பொருள். ‘ஆள்’ என்ற பொருளிலும் அச்சொல் சாதாரணமாக வழங்குவதுண்டு. ஆயினும் தால்முதில் ரபி இட்சாக் இம்மாற்றத்தைத் தற்செயலாகக் கொள்ளவில்லை. மாவு கொண்டுவருபவர் ஏழை. அவர் தம் உயிரையே அர்ப்பணித்ததாக இறைவன் கருதுகிறான் என்று அவர் விளக்கினார்.

இது வெறும் புகழ்ச்சியன்று. செல்வர் ஒரு காளையைக் கொடுத்த பின்னும் அவருடைய மந்தை எஞ்சியிருக்கிறது. ஏழையின் மாவோ அன்றைய அடுப்பிலிருந்து எடுக்கப்பட்டது.

பழைய யூத மறையுரை ஒன்றில் ஒரு கதை உண்டு. ஒரு பெண் ஒரு பிடி மாவுடன் எருசலேம் ஆலயத்திற்கு வந்தாள். இதில் உண்ண என்ன இருக்கிறது, படைக்க என்ன இருக்கிறது என்று அர்ச்சகர் ஏளனம் செய்தார். அவர் கணக்கில் பிழையில்லை. மாவில் ஒரு பிடி மட்டுமே பலிபீடத்தில் எரியும். எஞ்சியது அர்ச்சகர்களின் உணவு. அவள் கொண்டுவந்ததே ஒரு பிடி! அன்றிரவு கனவில் அவருக்கு எச்சரிக்கை வந்தது: அவளை இகழாதே, அவள் தன் உயிரையே அளித்தவள்.

அந்தப் பிடியை அள்ளுவதும் எளிதன்று. நடு மூன்று விரல்களால் அள்ளி, கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் விளிம்பை ஒழுங்காக்க வேண்டும். ஒரு சிறு கல்லோ, ஓர் உப்புக் கல்லோ கையோடு வந்துவிட்டால் காணிக்கை செல்லாது. அளவு அந்த அளவுக்குக் குறைந்துவிடும் அல்லவா? ஆலயப் பணிகளுள் மிகக் கடினமானவற்றில் ஒன்றாக இதைத் தால்முத் குறிப்பிடுகிறது. ஏழையின் மாவுக்கு அத்தனை கவனம்!

எனினும் ஒரு வினா எழாமல் இல்லை. பசித்தவரிடமிருந்து உணவைப் பெற்று நெருப்பிலிடுவது அறமா? அதே லேவியராகமம், வயலின் ஓரங்களை அறுக்காமல் ஏழைகளுக்கு விட்டுவிட வேண்டும் என்று உடையவருக்கு விதிக்கிறது. ஆகவே ஏழையின் பசியை அது மறந்துவிடவில்லை. ஆனால் பெறுபவராக மட்டுமே அவரை நிறுத்திவிடவும் அது சம்மதிக்கவில்லை. சில பாவநிவிர்த்திகளுக்கு ஆடு இயலாவிடில் இரு புறாக்கள், அதுவும் இயலாவிடில் சிறிதளவு மாவு என்று படிப்படியாக இறங்கி வருகிறதே தவிர, ‘உனக்கு வேண்டாம், போ’ என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை.

கி.பி. 70-இல் உரோமானியர் ஆலயத்தை அழித்தனர். மாவுக் காணிக்கையும் நின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் தருமத்தின் விதிகளைத் தொகுத்தபோது, பிறர் இடும் தருமத்தில் வாழும் ஏழையும் தான் பெற்றதிலிருந்து இன்னொருவருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று எழுதி வைத்தார்.