வேம்பும் மனச்சான்றும்

தாவரத்தினின்று வந்தது என்பதாலேயே ஒரு நஞ்சு குற்றமற்றதாகிவிடுமா? புகையிலையின் நிக்கோடினும் தாவர நஞ்சே. புழுவைக் கொல்வதோடு தெளிப்பவனையும் வீழ்த்த வல்லது. துவரையின் காய்ப்புழுவுக்கெனத் தெளிக்கும் வேப்பங்கொட்டைக் கரைசலோ வேறு இயல்பினது. 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, இரவு முழுதும் ஊறவைத்து வடித்து, 100 லிட்டர் கரைசலாக்கி மாலையில் தெளிப்பர். வெயிலில் அதன் வீரியம் விரைந்து குன்றும். தின்ற புழு உடனே மடிவதில்லை. உணவு மறுத்து, தோலுரிக்க இயலாது மெல்ல மாயும். கொலை கொலையே, அதை நாம் மறைக்க வேண்டாம். ஆயினும் பயிரைத் தின்னும் உயிரையே அது பெரிதும் தாக்குகிறது. பூவை நாடும் தேனீக்குக் கேடு குறைவு. மறுநாளும் புழு நெளியக் கண்டு பொறுத்திருக்கும் உழவர் சில காய்களை இழக்கிறார். துளைபட்ட பருப்பென்று வணிகர் விலையையும் குறைக்கிறார். துளையற்றதையே கடையில் கேட்டு வாங்குபவர் நாமல்லவா?