டைரக்ட் போடாதீர்கள்!

எதைச் சொன்னாலும் 'சரி, பண்ணிடலாம்' என்று வாங்கிக்கொள்கிற ஒருவர் உங்கள் வீட்டிலோ, ஆபீஸிலோ கட்டாயம் இருப்பார். அவர் முகத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சூலூர் பக்கத்தில் என் மாமாவுக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு உண்டு. கிணற்றில் 5 ஹெச்.பி. மோட்டார். ஒரு கோடையில், சுற்றுவட்டாரமே ஒரே நேரத்தில் மோட்டார் போட்டதில் வோல்டேஜ் இறங்கிவிட்டது. வோல்டேஜ் இறங்கினால், அதே தண்ணீரைத் தூக்க மோட்டார் அதிகமாகக் கரண்ட் இழுக்கும். சூடாகும். அதற்காகவே ஸ்டார்ட்டருக்குள் ஓவர்லோடு ரிலே என்று ஒரு சின்ன சமாசாரம் இருக்கிறது. அளவு மீறினால் அது மோட்டாரை நிறுத்திவிடும்.

மாமா வீட்டு ரிலே பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ட்ரிப் ஆனது. மூன்றாம் நாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. ரிலேயை ஒதுக்கிவிட்டு வயரை நேராக இணைத்துவிட்டார். இதற்குப் பெயர்தான் டைரக்ட் போடுவது! மோட்டார் ஜம்மென்று ஓடியது. "பாத்தியா மாப்ள, மோட்டார்ல ஒரு கோளாறும் இல்ல. இந்த ரிலேதான் சனியன்" என்றார்.

ஒரு வாரம் தாண்டவில்லை. கிணற்று மேட்டில் கருகிய வாடை.

காயில் கட்டுகிறவர் மோட்டாரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "அது நின்னு நின்னு சொல்லுச்சுங்க. நீங்கதான் வாயைக் கட்டிப்போட்டுட்டீங்க."

நான் பி.காம். படித்தவன். இன்ஜினீயரிங்குக்கும் எனக்கும் ரொம்ப தூரம். ஆனாலும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. இன்ஜினீயர் நண்பர்களைத் துளைத்து எடுத்ததில் ஒரு விஷயம் புரிந்தது. எந்த இயந்திரத்தையும் அதன் வேலைக்குத் தேவையான பலத்தோடு மட்டும் யாரும் செய்வதில்லை. கூடுதலாகக் கொஞ்சம் சேர்த்துத்தான் செய்வார்கள். லிஃப்ட் கயிறு என்றால் பத்து மடங்கு வாக்கில். எங்கள் பாஷையில் சொன்னால், அது ரிசர்வ். எதிர்பாராத நஷ்டத்துக்காக எடுத்து வைத்தது. அதை லாபம் என்று நினைத்து டிவிடெண்ட் கொடுக்கிற கம்பெனி என்ன ஆகும்? அதுதான் மாமாவின் மோட்டாருக்கும் ஆனது.

அதே தோப்பில் நின்று அண்ணாந்து பார்த்தால் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் விமானங்கள் தெரியும். 2018-ல் தேஜஸ் போர் விமானங்கள் அங்கே வந்து சேர்ந்தன. தேஜஸ் வானத்தில் வளைந்து திரும்பும்போது புவியீர்ப்பைப் போல எட்டு மடங்கு விசை வரை தாங்கும். அந்த எட்டு மடங்கில், 70 கிலோ எடையுள்ள பைலட்டின் உடம்பு 560 கிலோவாகக் கனக்கும்!

இவ்வளவு பாடுபடும் விமானத்துக்கு ரிசர்வ் எவ்வளவு தெரியுமா? பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சச் சுமையைப் போல ஒன்றரை மடங்கு. விமானங்களுக்குப் பொதுவான கணக்கு இது. அதற்கு மேல் பலம் சேர்த்தால் எடை கூடிவிடும், பறக்காது. ரிசர்வ் குறைவு என்பதால் கவனிப்பைக் கூட்டிவிட்டார்கள். பறந்த மணிக்கணக்கை எழுதி வைக்கிறார்கள். விரிசல் தேடுகிறார்கள். சில பாகங்களை, நன்றாக இருந்தாலும்கூட, கெடு முடிந்ததும் கழற்றிவிடுகிறார்கள்.

இந்தப் பாடத்தை உயிர்களைக் கொடுத்துக் கற்றிருக்கிறார்கள். 1954-ல், ஜனவரியில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றுமாக இரண்டு பிரிட்டிஷ் 'காமெட்' விமானங்கள் நடுவானில் உடைந்தன. காரணம் தேட, இன்னொரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். ஆயிரக்கணக்கான முறை தாங்கியது. ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்துச் சுமார் 3,000 தடவை ஆனபோது கிழிந்தது! நேற்று வரை தாங்கியது என்பது, இன்றும் தாங்கும் என்பதற்கு அத்தாட்சி அல்ல. தாங்கிய ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு விரிசல் வளர்ந்திருக்கலாம்.

இனி என் கதை. எங்கள் ஆபீஸில் ஒரு தம்பி. அவருடைய பக்கத்தோடு, லீவில் போனவரின் பக்கம், அப்புறம் தீபாவளி மலர் என்று எல்லாவற்றையும் அவர் மேஜையிலேயே வைத்தேன். ஏன்? அவர் செய்வார்! ஒரு நாள் மெதுவாகச் சொன்னார்: "சார், கொஞ்சம் முடியல." நான் சிரித்துக்கொண்டே, "நீயே இப்படிச் சொன்னா எப்படிப்பா?" என்றேன். அவருக்கு அது பாராட்டு மாதிரிதான் கேட்டிருக்கும். நிஜத்தில் நான் டைரக்ட் போட்டேன்.

சில வாரம் கழித்து இரண்டே வரியில் ராஜினாமா கடிதம் வந்தது. முந்தின நாள் ஒரு படத்துக்கு அடிக்குறிப்பை மாற்றச் சொல்லியிருந்தேன். "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா?" என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தேன்.

மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதலில் எச்சரித்திருக்கிறார். எனக்கு ஒரு சந்தேகம். முறித்தது எந்த இறகு? நாம் எப்போதும் கடைசி இறகைத்தான் பிடித்துக்கொள்கிறோம். முதல் இறகிலிருந்து வைத்தவர்கள் கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

சுமையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் இறைக்காத மோட்டார் துருப்பிடிக்கும். மனுஷனும் அப்படித்தான். ஆனால் ஒருவரிடம் அதிகம் வாங்குகிறோம் என்றால், இரண்டில் ஒன்றை நாம் கொடுத்தாக வேண்டும். ஒன்று, லிஃப்ட் கயிறு போலத் தாராளமான ரிசர்வ். அல்லது, விமானம் போல விடாத கவனிப்பு. இரண்டையும் கொடுக்காமல், 'அவர் தாங்குவார்' என்று சொல்லிக்கொள்வது நம்பிக்கை இல்லை. களவு.

ஆரம்பத்தில் ஒரு முகத்தை நினைத்தீர்களே... அவர் கடைசியாக 'முடியல' என்று சொன்னது எப்போது? அன்று நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?