கேட்பது யார்?

செவியாற் கேட்கின்றோம் என்று நாடோறுஞ் சொல்லுகின்றோம். செவிதான் கேட்கின்றதா, செவியைக் கருவியாகக்கொண்டு வேறொன்று கேட்கின்றதா என்பதைச் சிறிது ஆராய்வாம்.

ஓதுவார் ஒருவர் சந்நிதியிலே தேவாரம் பாடுகின்றார். அவர் கண்டத்தி லெழுந்த அதிர்வு காற்றில் அலையாகி வந்து நம் செவிப்பறையைத் தாக்குகின்றது. (ஒலி ஆகாயத்தின் குணமென்னும் நம் நூற்கொள்கையையும் மேனாட்டார் காற்றலையையும் வலிந்து பொருத்துவார் சிலருளர். தத்துவம் வேறு, அதன் தூலக் காரியம் வேறு, அவ்வருத்தம் வேண்டா.) பறையின் உட்புறத்தே சம்மட்டி, பட்டடை, அங்கவடி போலும் வடிவுடைய மூன்று சிற்றென்புகள் கோவைப்பட்டு நிற்கின்றன. உடம்பிலுள்ள என்புகளுள் மிகச் சிறியது அங்கவடியே. ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் அளவினது. இவை எற்றுக்கெனின், உட்செவி நீரால் நிறைந்தது. காற்றில் வரும் ஒலி நேரே நீரிற் பட்டாற் பெரும்பாலும் மீண்டுபோம். பறையின் அகன்ற பரப்பிற் பட்ட விசையை இவ்வென்புகள் சிறியதொரு வாயிலிற் குவித்தலால், அழுத்தம் ஏறக்குறைய 20 மடங்காகி உள்ளே செல்லும்.

உள்ளே நத்தையோடு போலச் சுருண்ட குழாயொன்றுண்டு. அதனுள் விரிந்த சவ்வு கூரிய ஓசைக்கு அடியிலும் மந்த ஓசைக்கு நுனியிலும் மிக்கு அதிரும். இதனை ஆராய்ந்த பெக்கேசி என்னும் அறிஞர் 1961ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். சவ்வின்மேல் ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள் உள. அவற்றின் நுண்மயிர் சாயவே மின்கிளர்ச்சி பிறந்து நரம்பின்வழி மூளையை அடைகின்றது. அதன்மேற் சத்தமென்பதில்லை, மின்றுடிப்பே உண்டு. பண்ணும் பொருளும் அங்கே யாங்ஙனம் வந்தன?

மூளையே கேட்கின்றதெனின், அற்றன்று. செவிக்கு இமையில்லை. உறங்குவானுடைய பறையும் அதிர்கின்றது; நரம்பும் துடிக்கின்றது; மூளையும் ஒருவாறு கிளர்கின்றது; அவனோ கேட்டிலன். இத்துணைக் கருவியும் தொழிற்பட அறிவு நிகழாமையின், அறிவோன் கருவியின் வேறாவான். மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் ஆன்மா உண்டென நிறுவுமிடத்து உறக்கத்தையும் ஓர் ஏதுவாக வைத்தமை காண்க. அவ்வான்மாவும் தானே அறிவதன்று, அறிவிக்க அறிவது. கருவியைக் கூட்டி உடனின்று அறிவிப்பவர் சிவபெருமானே.

கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்னும் நான்கனுள் முதலது கேட்டல். அதற்கென அருளப்பட்ட பொறியை நாமே கோயில் வீதியில் வைத்துக் கெடுக்கின்றோம். மயிர்க்கலம் அழிந்தாற் பறவைக்கு மீள முளைக்கும், மனிதருக்கு முளையாது. தொழிலாளர் 85 டெசிபெல் ஓசையிலே நாளொன்றுக்கு 8 மணிநேரமும், 100 டெசிபெல் ஓசையிலே 15 நிமிஷமுமே நிற்கலாமென அமெரிக்க ஆய்வு நிறுவனமொன்று வரையறுத்துள்ளது. நம் திருவிழாக்களிலோ, ஒலிபெருக்கியின் கீழே தாய்மார் கைக்குழந்தையோடு இரா முழுதும் இருக்கின்றனர். தவிலும் நாகசுரமும் அணித்தே நிற்போர்க்கு மெல்லோசையல்ல. அவற்றையும் பெருக்குதல் என்ன பத்தி? பத்தியன்று, அயற்கோயிலோடு போட்டியே.

பரிபாலன சபையார்க்கு ஒரு விண்ணப்பம். கந்தபுராண படனத்தில் வாசிப்பவர் குரலும் பயன் சொல்பவர் குரலும் மண்டபத்தி லிருப்போர்க்குக் கேட்டாற் போதும். வரும் படனத்திற்கு முன்னரே, வீதி மரங்களிற் கட்டிய குழாய்களை இறக்குவித்தருளுக.