அடுத்தடுத்து இரண்டு கை

52 சீட்டுகளில் ஐந்தை எடுக்க 25,98,960 வழிகள். அவற்றில் ராயல் ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்தில் பத்து, ஜாக், ராணி, ராஜா, ஏஸ் ஐந்தும் சேர்ந்த கை, நான்கே நான்கு. ஆக, போக்கரில் ஐந்து சீட்டுப் போட்டால் 6,49,740 கைக்கு ஒன்று. அடுத்த கையும் அதுவாகவே வர வேண்டுமென்றால் அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டும்: ஏறத்தாழ 42,216 கோடியில் ஒன்று.

இந்த எண்ணை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டைத் தொடுவதற்கு முன்பு கேட்டால்தான் இந்த விடை. முதல் ராயல் ஃப்ளஷ் மேசையில் விரிந்த பிறகு கேட்டால், மறுபடி அதே 6,49,740. வந்துபோனதற்கு இனிக் கணக்கில் இடமில்லை.

யாருக்கு என்று கேட்பதும் விடையை மாற்றுகிறது. எவலின் ஆடம்ஸ் என்ற பெண்ணுக்கு நியூஜெர்சி லாட்டரியில் நான்கு மாத இடைவெளியில் இரண்டு முறை, 1985-லும் 1986-லும், பெரும்பரிசு விழுந்தது. 17 லட்சம் கோடியில் ஒன்று என்று செய்தித்தாள்கள் வியந்தன. அமெரிக்காவில் யாரோ ஒருவருக்கு நான்கு மாதத்துக்குள் இப்படி நடக்க முப்பதில் ஒரு வாய்ப்பு உண்டு என்று சாமுவேல்ஸ், மெக்கேப் என்ற புள்ளியியலாளர்கள் கணக்கிட்டார்கள். இரண்டு கணக்கும் சரியே.

என்னை அதிகம் பிடித்துவைத்திருப்பது வேறொன்று. பெருக்கிக் கண்ட எண், கட்டு முழுதாகக் கலைந்ததாக நம்புகிறது. கட்டை இரண்டாகப் பிரித்து, ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று சரசரவென விழவைக்கும் முறையில், சீட்டு நன்றாகக் கலைய ஏழு முறை வேண்டும் என்று டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992-ல் காட்டினார்கள். வீட்டு ஆட்டத்தில் அத்தனை பொறுமை யாருக்கு?

ஒரு கையில் நான்கு ராஜா வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆட்டம் முடிந்ததும் நான்கையும் சேர்த்து வாரி, கட்டின் மேல் வைக்கிறார்கள். மேல் சீட்டு மேலேயே நிற்கும்படி, ஒன்றுவிட்டு ஒன்றாகத் துல்லியமாக ஒருமுறை கலைத்தால் ராஜாக்கள் இரண்டு இடம் தள்ளி நிற்பார்கள்; இரண்டாம் முறை கலைத்தால் நான்கு இடம் தள்ளி: முதலாவது, ஐந்தாவது, ஒன்பதாவது, பதின்மூன்றாவது சீட்டாக. மேசையில் நான்கு பேர் இருந்து, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தால் நான்கு ராஜாவும் ஒரே ஆளிடம் போய்ச் சேரும். நான்கு ஒத்த சீட்டு 4,165 கைக்கு ஒன்று என்ற கணக்கு அங்கே செல்லாது. மனிதக் கை அத்தனை துல்லியமாகக் கலைப்பதில்லை. ஆனாலும் இரண்டு கலைப்பில் பழைய வரிசை முழுதும் அழிந்துவிடாது. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தால் அதே மிச்சம் ராஜாக்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துவிடவும் கூடும்.

அடுத்தடுத்து வந்தது என்று யாராவது சொன்னால், எத்தனை பேர் ஆடினீர்கள், எத்தனை முறை கலைத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.